ஃபைட்டர் மீனின் ஆவேசம்: பிறவியா, பட்டறிவா?

மயிலாப்பூரிலோ தி.நகரிலோ அடையாறிலோ எந்த வண்ண மீன் கடையில் நுழைந்தாலும், கப்பியும் மோலியும் கோல்ட்ஃபிஷும் கண்ணாடித் தொட்டிகளில் கூட்டமாக நீந்தும். ஃபைட்டர் மட்டும் சிறு புட்டியிலோ பிளாஸ்டிக் டப்பாவிலோ தனியாக இருக்கும். பக்கத்துப் புட்டி தெரியாதபடி நடுவே ஓர் அட்டைத் துண்டு. வாங்க வருகிறவர் தயங்கினால் கடைக்காரர் அட்டையை உருவுவார். நொடியில் இரண்டு ஆண் மீன்களும் துடுப்பை விரித்து, செவுள் மூடியைத் தூக்கி, நிறம் கூடி, எதிரெதிரே வந்து நிற்கும். "பிறவிக் குணம் சார்" என்பார். வாங்குகிறவரும் தலையாட்டுவார்.

அந்த விளக்கம் பாதி உண்மை. மீதிப் பாதியைப் பற்றி அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆய்வுகள் வந்துகொண்டிருக்கின்றன. முன்பு வென்றது, முன்பு தோற்றது, பிறர் சண்டையைப் பார்த்தது, தன் சண்டையைப் பிறர் பார்த்தது, தனிமையில் வாரக்கணக்கில் கிடந்தது ஆகிய ஒவ்வொன்றும் ஓர் ஆண் மீனின் அடுத்த சண்டையை எப்படி மாற்றுகிறது என்று அவை கேட்கின்றன. அவற்றைத் தொகுத்துப் பார்த்தபின் எனக்குத் தோன்றுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சண்டையிடும் திறன் மரபில் வருகிறது. யாரோடு, எப்போது, எவ்வளவு நேரம் என்பதைப் பெரிதும் அனுபவம் முடிவு செய்கிறது. அந்த அனுபவம் எந்தப் பக்கம் திரும்பும் என்பதோ, தோற்ற மீனுக்கு ஓட இடம் இருக்கிறதா என்பதைப் பொறுத்திருக்கிறது. இந்தக் கடைசி விஷயத்துக்கு ஆய்வுலகம் உரிய கவனம் கொடுக்கவில்லை என்பது என் கருத்து.

பெட்டா ஸ்ப்லென்டென்ஸ் என்ற இந்த மீன் தாய்லாந்தின் நெல்வயல்களுக்கும் சதுப்புகளுக்கும் உரியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரும் டேனிஷ்காரருமான தியோடர் கான்டர் சயாமிலிருந்து கிடைத்த மீனை 1849இல் விவரித்தார். அவர் இட்ட பெயர் வேறோர் இனத்துக்கு உரியது என்று கண்டு, 1910இல் இப்போதைய பெயரைச் சூட்டியவர் சார்லஸ் டேட் ரீகன். மனிதர்கள் இதை வளர்க்கத் தொடங்கியது அதற்கெல்லாம் வெகு முன்பு. 2022இல் வெளியான மரபணுத் தொகுதி ஆய்வு, குறைந்தது ஆயிரம் ஆண்டுகளாக இது வீட்டு விலங்காகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டு வந்திருக்கிறது என்கிறது. நாய், கோழி அளவுக்குப் பழைய உறவு இல்லையென்றாலும், அலங்கார மீன்களில் இவ்வளவு நீண்ட வரலாறு உள்ளவை அரிது. 2019இல் தாய்லாந்து இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது.

சென்னைக்கு இது நன்றாகப் பொருந்திவிட்டது. நகரின் வடமேற்கே கொளத்தூரைச் சுற்றி வளர்ந்திருக்கும் வண்ண மீன் தொழில் நாட்டிலேயே பெரியவற்றுள் ஒன்று. தென்சென்னைக் கடைகளுக்கும் சரக்கு அங்கிருந்து வருகிறது. நம் ஊர்த் தண்ணீரின் சூட்டில் ஹீட்டர் தேவைப்படுவதில்லை. செவுளுக்கு மேலே இருக்கும் மடிப்பு மடிப்பான உறுப்பால் இது காற்றையும் சுவாசிப்பதால், காற்றுக்குமிழி விடும் மோட்டாரும் வேண்டாம். பெசன்ட் நகரிலும் மந்தைவெளியிலும் தெருவோரம் சிவந்து விழும் பாதாம் மர இலையைக் காயவைத்துத் தண்ணீரில் போடுகிறார்கள் வளர்ப்பவர்கள். நாய் வளர்க்க வீட்டு உரிமையாளர் சம்மதிக்காத வாடகை வீடுகளில் குழந்தைகளுக்குக் கிடைக்கும் முதல் உயிர் பெரும்பாலும் இதுதான். இந்த வசதிகளே மீனுக்கு வினையாகவும் ஆயின. காற்றைச் சுவாசிக்கிறது என்பதற்காகக் கைப்பிடித் தண்ணீரில் அடைத்துவிட்டோம்.

சண்டை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மிரட்டல்தான். 1968இல் சிம்ப்சன் என்ற ஆய்வாளர் அதை நொடி நொடியாகக் குறித்து நீண்ட ஆய்வொன்றை வெளியிட்டார். இரண்டு ஆண்கள் மாறி மாறி முகம் காட்டும், பக்கவாட்டில் திரும்பும், வாலால் நீரை அடிக்கும். முகம் காட்டும்போது செவுள் மூடி விரியும். அதை யார் நெடுநேரம் விரித்து வைத்திருக்க முடிகிறதோ அவர் பக்கம் வெற்றி சாய்கிறது. செவுள் மூடியைத் தூக்கிப் பிடித்திருக்கும்போது செவுள் வழியே சீராக மூச்சு விட முடியாது. அதாவது எதிரிக்குக் காட்டும் அந்த அடையாளத்துக்கே ஒரு விலை உண்டு. ஏப்ரகாம்ஸும் சகாக்களும் 2005இல் ஆக்சிஜன் குறைந்த நீரில் மீன்களை வைத்துப் பார்த்தபோது இந்த விரிப்பு குறைந்தது. வலுவில்லாதவன் பொய்யாக நெடுநேரம் விரித்துக் காட்ட முடியாது. ஆகவே எதிரியின் திறனை அளக்க அது ஓரளவு நம்பகமான அளவுகோல். வயலில் இந்த அளவெடுப்போடு பெரும்பாலான மோதல்கள் முடிந்துவிடும். தளர்ந்தது நிறம் மங்கி, துடுப்பை மடக்கி, செடிகளுக்குள் போய்விடும். சூதாட்டச் சண்டைக்காக வளர்க்கப்பட்டவை மணிக்கணக்கில் மோதுவதற்கு அவற்றின் மரபு ஒரு காரணம். மோதவிடும் ஜாடியில் செடிகளும் மறைவிடமும் இல்லை என்பது இன்னொரு காரணம்.

இனி, பிறவியா பட்டறிவா என்ற பழைய விவாதத்துக்கு வருவோம். விலங்கு நடத்தை ஆய்வாளர் கான்ராட் லோரென்ஸ் இந்த மீனின் சண்டையை வியந்து எழுதியவர். 1963இல் வெளிவந்த ஆக்கிரமிப்பு பற்றிய நூலில் அவர் வைத்த கருத்து உலகெங்கும் பரவியது: ஆக்கிரமிப்பு உள்ளே ஊறிக்கொண்டே இருக்கிறது, வடிகால் கிடைக்காவிட்டால் நிரம்பித் தானே பீறிடுகிறது. அதே 1963இல் டிராவிஸ் தாம்ப்சன் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார். வளையம் ஒன்றின் வழியே நீந்தினால் இன்னோர் ஆணின் உருவம் தெரியும்படி அமைத்தபோது, ஃபைட்டர் அந்த உருவத்தைப் பார்ப்பதற்காகவே திரும்பத் திரும்ப வளையத்துக்குள் நீந்தியது. தீனிக்காக உழைக்கும் விலங்கைப் போல, மிரட்டும் வாய்ப்புக்காக உழைக்கும் ஒரு மீன்! லோரென்ஸின் கருத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது என்று பலர் எண்ணினார்கள்.

ஆனால் 1968இல் கிளேட்டனும் ஹிண்டேயும் ஓர் எளிய காரியம் செய்தார்கள். கண்ணாடியை மீனின் முன் நாட்கணக்கில் வைத்துவிட்டார்கள். முதலில் வெறிகொண்டு விரித்த மீன் நாளாக ஆகக் குறைத்துக்கொண்டது. கண்ணாடியை எடுத்துவிட்டுச் சில காலம் கழித்து மீண்டும் வைத்தால் ஓரளவு மீண்டது, முழுமையாக அல்ல. வடிகால் கிடைத்ததால் காலியாகிவிட்டது என்று இதற்கு லோரென்ஸ் பக்கமிருந்து விளக்கம் சொல்லலாம். ஆனால் காலியான தொட்டி மறுபடி நிரம்பியிருக்க வேண்டும். நீண்ட ஓய்வுக்குப் பின்னும் பழைய அளவுக்கு வராததற்கு அந்த விளக்கத்தில் இடமில்லை. எந்த விளைவும் தராத எதிரியைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்று மீன் கற்றுக்கொண்டது என்பதே இயல்பான விளக்கம். வீட்டில் வளர்ப்பவர்கள் "வாங்கினப்ப நல்லா விரிச்சுது, இப்ப விரிக்கிறதே இல்ல, நோயா?" என்று கேட்பதற்கும் பதில் பெரும்பாலும் இதுதான். தீனி எடுத்து, மேலே வந்து காற்றுக் குடித்து, நீர்ப்பரப்பில் குமிழிக் கூடு கட்டுகிற மீனுக்கு நோயில்லை. தன் பிம்பத்தோடு அது சமாதானமாகிவிட்டது.

கண்ணாடி பற்றி ஓர் எச்சரிக்கை. இந்தத் துறையின் ஆய்வுகளில் கணிசமானவை கண்ணாடியை நம்பியவை. மீனுக்குக் காயம் ஆகாது, எதிரியின் உடலளவு சமமாக இருக்கும் என்பவை அதன் வசதிகள். ஆனால் உண்மையான எதிரி நீங்கள் முகம் காட்டும்போது பக்கம் திரும்புவான். கண்ணாடி அப்படியே அச்சு பிசகாமல் பிரதிபலிக்கும். அது வெல்லாது, தோற்காது, பின்வாங்காது. வெற்றியும் தோல்வியும் என்ன கற்றுத் தருகின்றன என்று அறிய விரும்புகிறவருக்குக் கண்ணாடி சரியான கருவி அல்ல. எத்தனை முறை விரித்தது என்று எண்ணிவிட்டு அதையே ஆக்கிரமிப்பின் அளவு என்று எழுதும் கட்டுரைகளை நான் தயக்கத்தோடுதான் படிக்கிறேன்.

அடுத்தது தனிமை. முட்டையிலிருந்து வந்த நாள் முதல் தனியே வளர்ந்த ஆணும் வளர்ந்தபின் எதிரியைக் கண்டால் விரிக்கிறது. அந்த வரைபடம் பிறவியிலேயே இருக்கிறது. ஆனால் தனிமை ஆவேசத்தைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்று பார்த்தபோது ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. 1992இல் ஹால்பெரினும் சகாக்களும் அந்த முரணை ஓரளவு அவிழ்த்தார்கள். நெடுநாள் தனியே கிடந்த மீன் உடனடியாகச் சண்டைக்குத் தயாராக இருப்பதில்லை. அந்த ஆயத்தம் உண்மையில் குறைகிறது. ஆனால் ஒருமுறை எதிரியைச் சற்று நேரம் காட்டித் தூண்டிவிட்டால், அதன்பின் அதன் மிரட்டல் மற்ற மீன்களைவிட மிகுதியாகிறது. மீன் இரண்டு காரியம் செய்கிறது என்று தோன்றுகிறது: பழக்கமில்லாததால் முதலில் தயங்குகிறது, தூண்டப்பட்டபின் அளவு தெரியாமல் போகிறது.

நம் கடைகளின் ஏற்பாட்டை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று மாத வயதில் ஆண்கள் ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கும்போது பிரித்துப் புட்டியில் விடுகிறார்கள். அது தேவைதான், இல்லாவிட்டால் துடுப்புகள் கிழியும். அதன்பின் நீண்ட தனிமை. நடுநடுவே அட்டையை உருவிச் சில நொடி தூண்டல், முடிவு எதுவும் வருவதற்குள் மறுபடி அட்டை. ஆவேசத்தை வளர்ப்பதற்கென்றே திட்டம் போட்டிருந்தாலும் இதைவிட நன்றாகப் போட்டிருக்க முடியாது. கடைக்காரர் காட்டுவது பிறவிக் குணத்தை என்று அவர் நம்புகிறார். அவர் காட்டுவதில் ஒரு பங்கு அவருடைய அலமாரியே உண்டாக்கியது.

வெற்றி தோல்விகளின் கணக்கு இன்னும் தெளிவானது. சேவற்கட்டில் பழகியவர்களுக்கு இது ஆய்வு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடிபட்டுப் பின்வாங்கிய சேவலை உடனே அடுத்த கட்டில் இறக்க அனுபவமுள்ள எவரும் துணியமாட்டார். மீன்களிலும் பல இனங்களில் இதைக் கண்டிருக்கிறார்கள். வென்றது அடுத்த மோதலில் துணிகிறது, தோற்றது தயங்குகிறது. தைவானைச் சேர்ந்த யூயிங் ஷூவும் சகாக்களும் 2006இல் பல விலங்கினங்களின் ஆய்வுகளைத் தொகுத்தபோது, தோல்வியின் தடம் பொதுவாக வெற்றியின் தடத்தைவிட ஆழமானது, நீண்ட நேரம் நிற்பது என்று தெரிந்தது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. இரண்டு மீன்களைத் தானே மோதவிட்டு, வென்றதை மறுபடி சோதித்து, அது மறுபடி வென்றால் அனுபவத்தால் வென்றது என்று சொல்லிவிட முடியாது. அது ஆரம்பத்திலேயே வலுவான மீனாக இருந்திருக்கலாம். சரியான முறை, சமமான மீன்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியை நிச்சயம் தோற்கும்படி பெரிய மீனோடும் மறுபாதியை நிச்சயம் வெல்லும்படி சிறிய மீனோடும் சந்திக்க வைப்பது. அதன்பின் இரு தரப்பையும் புதிய எதிரி முன் நிறுத்த வேண்டும். பழைய ஃபைட்டர் ஆய்வுகளைப் படிக்கும்போது இந்தப் படி நடந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது.

இதுவரை சொன்னது தன் உடம்பால் பட்டறிந்த அனுபவம். 1998இல் ரூய் ஒலிவெய்ராவும் பீட்டர் மெக்ரெகரும் கிளேர் லாட்ரூஃபும் வெளியிட்ட ஆய்வு அதைத் தாண்டிச் சென்றது. இரண்டு ஆண்கள் மோதுவதை மூன்றாவது ஆண் ஒன்று கண்ணாடி வழியே பார்க்கும்படி வைத்தார்கள். பிறகு அந்த மூன்றாவதற்கு வென்றவனையும் தோற்றவனையும் தனித்தனியே காட்டினார்கள். வென்றவனை நெருங்கவும் விரிக்கவும் அது நேரம் எடுத்துக்கொண்டது. தோற்றவனிடம் சீக்கிரமே போய் மிரட்டியது. சண்டையைப் பார்க்காத மீன்கள் அப்படி வேறுபாடு காட்டவில்லை. வென்ற மீன் தோற்றத்திலேயே மிடுக்காக இருந்ததால் வந்த விளைவு அல்ல இது, பார்த்ததால் வந்த அறிவு. அரை விரல் நீள மீன் ஒன்று, தான் கலந்துகொள்ளாத சண்டையிலிருந்து இன்னார் இப்படி என்று தெரிந்துகொண்டு, அதை வைத்துத் தன் அடுத்த நடையை மாற்றுகிறது. ஃபைட்டர் பற்றி வந்த ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மூர்க்கம் என்று நாம் பெயரிட்ட ஒன்றுக்குள் இவ்வளவு நிதானம் இருந்திருக்கிறது.

பெண் மீன்களும் சும்மா இருப்பதில்லை. 2000இல் டூட்ரெலாவும் மெக்ரெகரும் காட்டியது, மோதலைப் பார்த்த பெண்கள் வென்றவனிடமே முதலில் போகின்றன என்பது. அப்படியானால் சண்டையிடும் ஆணுக்குத் தன்னைப் பார்ப்பது யார் என்பது முக்கியமாகிறது. மறு ஆண்டு வந்த ஆய்வு அதை உறுதிப்படுத்தியது. பெண் ஒன்று பார்த்துக்கொண்டிருந்தால் ஆண்கள் கடிப்பதைக் குறைத்தன. செவுள் விரிப்பு, வாலடி போன்ற, இரு பாலரிடமும் செல்லுபடியாகும் காட்சிகளைக் கூட்டின. எதிரியை வெல்ல வேண்டும், ஆனால் துணையாக வரக்கூடியவளை மிரளவைக்கக் கூடாது. 2006இல் ஜீவியெச்சின்ஸ்கியும் சகாக்களும் இதன் உடலியங்கியல் பக்கத்தைத் தொட்டார்கள். பார்க்கப்படுவதாலேயே ஆண் மீனின் உடலில் 11-கீட்டோடெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவு மாறுகிறது. ஹார்மோன் ஏறினால் சண்டை என்று ஒரே திசையில் கணக்குப் போடும் பழக்கத்தை இது கேள்விக்கு உள்ளாக்குகிறது. சூழல் ஹார்மோனை மாற்றுகிறது, ஹார்மோன் நடத்தையை மாற்றுகிறது, நடத்தை மறுபடி சூழலை மாற்றுகிறது.

ஜப்பானின் கிதசாதோ பல்கலைக்கழகக் குழு 2020இல் வெளியிட்ட முடிவு இன்னும் வியப்பானது. ஒரு மணி நேரம் மோதிய இணை மீன்களின் மூளையில் எந்தெந்த மரபணுக்கள் செயல்படுகின்றன என்று பார்த்தபோது, ஒரே இணையைச் சேர்ந்த இரண்டும் ஒன்றையொன்று ஒத்திருந்தன. 20 நிமிடச் சண்டையில் அந்த ஒப்புமை அவ்வளவாக இல்லை. கடிப்பதிலும், வாயோடு வாய் கவ்வுவதிலும், காற்றுக் குடிக்க மேலே போவதிலும் இரண்டும் ஒத்திசைந்து இயங்குவது தெரிந்ததே. அந்த ஒத்திசைவு மூளைக்குள்ளும் இறங்குகிறது. அனுபவம் உடம்பில் எழுதப்படுகிறது என்பதற்கு இந்த மீனில் கிடைத்த மிக நேரடியான சான்று இது.

மரபின் பங்கை இதனால் குறைத்துவிடக் கூடாது. சீனாவின் மக்காவ் நகரில் பணியாற்றிய ஆண்ட்ரேயா ராமோஸும் டேவிட் கொன்சால்வெஸும் 2019இல், சண்டைக்கென்று தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட வகையையும் காட்டு வகையையும் ஒப்பிட்டார்கள். சண்டை வகையின் ஆண்கள் மூர்க்கமாக இருந்ததில் வியப்பில்லை. அந்த வகையின் பெண்களும் அப்படியே இருந்தன. பெண்களை யாரும் சண்டையில் விட்டதில்லை, வெற்றி பெற்றதற்காகத் தேர்ந்தெடுத்ததும் இல்லை. வென்ற ஆண்களைத் தேர்ந்தெடுத்ததன் விளைவு அவர்களின் மகள்களிடமும் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆனால் வெர்பேக்கும் சகாக்களும் 2007இல் காட்டியபடி, காட்டு வகைக்கும் வளர்ப்பு வகைக்கும் இடையிலான வேறுபாடு எல்லாச் சூழலிலும் ஒரே அளவில் வெளிப்படுவதில்லை. எங்கே, எப்படிச் சோதிக்கிறோம் என்பதைப் பொறுத்து அது மாறுகிறது. மரபு, அனுபவம் என்று இரண்டு கூறாக வெட்டிச் சதவீதம் கேட்பவர்களுக்கு இந்த மீன் ஒத்துழைக்காது.

சட்டம் பற்றி ஒரு சொல். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், மனிதரல்லாத எந்த உயிரையும் விலங்கு என்றே கொள்கிறது, மீன் உட்பட. பொழுதுபோக்குக்காக ஒரு விலங்கை இன்னொன்றோடு மோதத் தூண்டுவது அதன் 11ஆம் பிரிவின்படி குற்றம். 2017இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தின் விலக்கு ஜல்லிக்கட்டு போன்ற காளை நிகழ்வுகளுக்கானது. ஃபைட்டர்களை ஒரே தொட்டியில் விட்டு வீடியோ எடுக்கும் இளைஞர்களுக்கு இது தெரிந்திருப்பதில்லை. அதே பிரிவு, விலங்கு ஓரளவு நடமாடக்கூட இடமில்லாத கூண்டிலோ கலத்திலோ அடைத்து வைப்பதையும் குற்றமாக்குகிறது. புட்டி ஒரு கலம்தான். வளர்ப்பவர்கள் பத்து லிட்டருக்குக் குறையாத தொட்டியும் மறைந்துகொள்ளச் செடியும் கொடுத்தால் சட்டமும் ஆய்வும் ஒருசேரக் கேட்பதைச் செய்தவர்கள் ஆவார்கள். மீன் அலுத்துப்போனால் சேத்துப்பட்டு ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடுவது கருணை அல்ல. ஆஸ்திரேலியாவின் வட பகுதியில் அடிலெய்டு ஆற்றுப் படுகையில் இப்படித் தப்பிய ஃபைட்டர்கள் குடியேறிவிட்டன.

நம் குளங்களுக்கு வேறு குடிகள் உண்டு. காற்றைச் சுவாசிக்கும் இதே கூட்டத்தைச் சேர்ந்த பனையேறிக் கெண்டையை 1790களில் தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி பனைமரத்தில் கண்டதாக எழுதி ஐரோப்பாவை அதிரவைத்தார். ஃபைட்டருக்கு அதைவிட நெருங்கிய உறவு ஒன்று இருக்கிறது: சூடோஸ்ஃப்ரோமெனஸ் குப்பானஸ். புதுச்சேரியின் அரியாங்குப்பம் ஆற்றில் கிடைத்ததை வைத்து 1831இல் விவரிக்கப்பட்டு, அந்த ஆற்றின் பெயரையே சுமந்துகொண்டிருக்கும் மீன். விரல் நீளம், கூர்வால், பழுப்பு நிறம். தமிழகத்திலும் கேரளத்திலும் இலங்கையிலும் வயல் வாய்க்கால்களிலும் செடி அடர்ந்த குட்டைகளிலும் வாழ்கிறது, கொசுப்புழுவைத் தின்கிறது. ஆண்தான் இலைக்கடியில் குமிழிக் கூடு கட்டுகிறது. முட்டையிடும் காலத்தில் பெண் ஏறக்குறைய கறுத்துவிடும். ஆண்கள் முறைத்துக்கொள்ளும், கூட்டைக் காக்கும், ஆனால் செடியுள்ள ஒரே தொட்டியில் பல ஆண்கள் பிழைத்திருக்கும்.

மேலே சொன்ன ஃபைட்டர் ஆய்வுகளில் பெரும்பாலானவை தோற்றவன் ஓட முடியாத இடத்தில் அல்லது கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நடந்தவை. ஓட இடம் இருக்கும்போது தோல்வியின் தடம் எவ்வளவு நாள் நிற்கிறது, வேடிக்கை பார்த்தவன் தோற்றவனைத் துரத்திப் போகிறானா, பெண்ணின் முன் அதே நாகரிகம் தொடர்கிறதா என்பதையெல்லாம் குப்பானஸ் என்ற இந்தச் சிறு மீனிடம் கேட்கலாம். காயம் இல்லாமல் கேட்கலாம் என்பது கூடுதல் நன்மை. நகரத்துக் கல்லூரிகளின் விலங்கியல் துறைகளுக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நான்கடித் தொட்டி ஒன்று, வேலம்பாசியும் மிதக்கும் இலைகளும், ஒவ்வொரு மீனையும் அடையாளம் காணப் பழகிய கண், ஒரு கைப்பேசிக் கேமரா, மழைக்காலம் முடிந்ததும் செங்கல்பட்டுப் பக்கத்து வாய்க்காலில் வலை வீச ஒரு காலைப் பொழுது போதும்.